பெயரும் நிழலும்: குடும்ப வரலாற்றுச் சான்றுகளாக மூதாதையர் நினைவும் பழைய நிழற்படங்களும்

முன்னுரை

அரசர்களின் வரலாற்றுக்குக் கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் சான்றுகளாகின்றன. எளிய குடும்பங்களின் வரலாற்றுக்கு இத்தகைய சான்றுகள் இல்லை. பாட்டன் பாட்டியர், தாய் தந்தையர் பற்றிய செய்திகள் பெரும்பாலும் வாய்மொழியாகவே வழங்குகின்றன. சொல்பவர் மறையும்போது செய்தியும் மறைகிறது. இவ்வாய்மொழி மரபோடு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மற்றொரு சான்றும் வந்து சேர்ந்தது. அதுவே நிழற்படம். வீட்டுச் சுவரில் சட்டமிட்டு மாட்டப்பட்டும், இரும்புப் பெட்டியின் அடியில் துணிகளுக்கிடையே வைக்கப்பட்டும் இருக்கும் இப்படங்கள் வழிபாட்டுப் பொருள்களாகக் கருதப்பட்ட அளவுக்கு வரலாற்று ஆவணங்களாகக் கருதப்படவில்லை.

தமிழர் குடும்பங்களில் முன்னோரை நினைவில் நிறுத்தும் பழைய முறைகள் எவை, அவற்றின் எல்லை எது, நிழற்படம் அவற்றோடு எவ்வாறு இணைந்தது, அதனைச் சான்றாகக் கொள்ளும்போது ஆய்வாளர் மனங்கொள்ள வேண்டியவை யாவை என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இந்தியாவின் பிற பகுதிகளிலும் கடல் கடந்த நாடுகளிலும் காணப்படும் ஒத்த சான்றுகளும் ஒப்பீட்டு நோக்கில் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

உறவுச்சொற்களில் தலைமுறை

முன்னோரை நினைவுகூர்வதற்குத் தமிழில் அமைந்துள்ள முதற்கருவி மொழியே ஆகும். மகனின் மகனைக் குறிக்கும் 'பேரன்' என்னும் சொல் 'பெயரன்' என்பதன் திரிபாகும். பாட்டனின் பெயரைத் தாங்கியவன் என்பது அதன் பொருள். கலித்தொகையிலேயே இச்சொல் இப்பொருளில் ஆளப்பட்டுள்ளமை, பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தின் பழைமையைக் காட்டுகிறது. பல்லவர் மரபில் முதலாம் மகேந்திரவர்மனின் மகன் முதலாம் நரசிம்மவர்மன். அவன் மகன் இரண்டாம் மகேந்திரவர்மன். அரச குடியில் காணும் இதே ஒழுங்கு உழவர் குடியிலும் வணிகர் குடியிலும் அண்மைக்காலம் வரை நிலவியது. முத்துசாமியின் மகன் இராமசாமி, இராமசாமியின் மகன் முத்துசாமி என ஒரு குடும்பத்தில் இரண்டு பெயர்களே மாறிமாறி வருவதைப் பத்திரங்களில் பரவலாகக் காணலாம்.

இவ்வழக்கம் ஆய்வாளருக்கு உதவியும் செய்கிறது, இடரும் தருகிறது. தமிழர் பெயரமைப்பில் நிலையான குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்தாகிறது. ஆகவே தலைமுறைதோறும் தலைப்பெழுத்து மாறுகிறது. இந்நிலையில் ஒன்றுவிட்ட தலைமுறையில் ஒரே பெயர் திரும்ப வருவது குடும்பத் தொடர்ச்சியை அறியத் துணைபுரிகிறது. ஆனால் ஒரு பத்திரத்திலுள்ள 'இராமசாமி மகன் முத்துசாமி' என்பவர் பாட்டனா, பேரனா என்பதை ஆண்டு தெரியாமல் துணிய முடியாது.

பெயரிடும் வழக்கத்தோடு பெயர் சொல்லாத வழக்கமும் இணைந்திருந்தது. கணவன் பெயரையும் மாமனார் பெயரையும் மனைவி வாயால் கூறுதல் மரபன்று. எனவே மாமனார் பெயரைத் தாங்கிய தன் மகனைத் தாய் வேறொரு பெயரால் அழைத்தாள். ஐயா, துரை, ராசா, தம்பி என்பன போன்ற வீட்டுப்பெயர்கள் பல இவ்வாறு தோன்றியவையே. ஆவணத்தில் ஒரு பெயரும் குடும்ப நினைவில் வேறொரு பெயருமாக ஒருவரே இருவராகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

உறவுச்சொற்களின் வட்டார வேறுபாடும் கருதத்தக்கது. கொங்கு நாட்டில் தந்தையின் தந்தை 'அப்பாரு' எனவும் தாயின் தந்தை 'அப்புச்சி' எனவும் வழங்கப்பெறுவர். தென்மாவட்டங்களில் 'அப்பத்தா', 'அம்மாச்சி' என்னும் சொற்கள் தந்தைவழிப் பாட்டியையும் தாய்வழிப் பாட்டியையும் வேறுபடுத்துகின்றன. இசுலாமியத் தமிழரிடையே 'நன்னா', 'நன்னி' என்பன வழங்குகின்றன. இவற்றுக்கு மேல் பூட்டன், ஓட்டன் எனவும், கொள்ளுத்தாத்தா, எள்ளுத்தாத்தா எனவும் சொற்கள் உள்ளன. சொற்கள் இருப்பினும் அவை குறிக்கும் மனிதர்களின் பெயர்கள் பெரும்பாலான குடும்பங்களில் நினைவில் இல்லை.

நினைவின் எல்லையும் எழுதப்பட்ட பதிவும்

இந்த மறதிக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. நீத்தார் கடனில் தந்தை, பாட்டன், முப்பாட்டன் ஆகிய மூன்று தலைமுறையினரின் பெயர்களே கூறப்படுகின்றன. பெண்கள் வரிசையிலும் தாய், பாட்டி, முப்பாட்டி என்ற அளவிலேயே பெயர்கள் அமைகின்றன. அதற்கு மேற்பட்டோர் பெயரின்றித் தொகுதியாக நினைக்கப்படுகின்றனர். திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரம் இல்லறத்தான் ஓம்ப வேண்டிய ஐவருள் தென்புலத்தாரை முதலில் வைக்கிறது. அவ்வாறு ஓம்பப்பட்டோர் தனித்தனிப் பெயருடையவராக நின்றது மூன்று தலைமுறை வரையிலேயே. கத்தோலிக்கக் குடும்பங்களில் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில் பெயர் பொறித்த கல்லறைகளுக்கு மெழுகுவத்தி ஏற்றப்படுகிறது. அங்கும் எழுத்து தேய்ந்த கல்லறையின் முன் நிற்போர் குறைவு.

இந்த எல்லையைக் கடக்க எழுத்து தேவைப்பட்டது. இந்தியாவின் பல பகுதிகளில் இதற்கென நிறுவனங்களே தோன்றின. அரித்துவாரில் தீர்த்தப் புரோகிதர்களான பண்டாக்கள் நீத்தார் கடன் செய்ய வரும் குடும்பங்களின் வழிமுறையைப் 'பகி' என்னும் நீண்ட ஏடுகளில் ஊர்வாரியாகவும் குலவாரியாகவும் எழுதி வருகின்றனர். வருபவர் தம் முன்னோர் பெயர்களைக் கேட்டறிந்து தம் தலைமுறைப் பெயர்களையும் சேர்த்துச் செல்வர். 1977 முதல் இவ்வேடுகளை நுண்படச்சுருளில் பதியும் பணியை யூட்டா மரபுவழி ஆய்வுக் கழகம் மேற்கொண்டது. மிதிலையில் 'பஞ்சி' என்னும் வழிமுறைப் பதிவு, கருநாட மரபினரான அரிசிம்மதேவர் காலத்தில் 14ஆம் நூற்றாண்டில் முறைப்படுத்தப்பட்டது என்பது மரபு. மணம் செய்துகொள்ளத்தகாத உறவு இருவரிடையே உள்ளதா என்பதை அறிய அது பயன்பட்டது.

தமிழகத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்கள் இத்தகையதொரு பணியைச் செய்து வருகின்றன. இளையாற்றங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி, வயிரவன்பட்டி முதலிய கோயில்களைச் சார்ந்தே குடும்பங்கள் எண்ணப்படுகின்றன. மணமான ஓர் இணை ஒரு 'புள்ளி'யாகக் கணக்கில் சேர்கிறது. கோயில் மாலை வராமல் திருமணம் நிறைவுறுவதில்லை. மணத்தின்போது எழுதப்படும் 'இசைபிடிமானம்' என்னும் ஓலை அல்லது தாள் ஒரு குடும்பத்தின் தலைமுறைச் சான்றாகவும் நிற்கிறது. தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு அடுத்த ஆண்டில் தொடங்கிய திருச்சபையின் ஞானமுழுக்குப் பதிவுகள் கிறித்தவக் குடும்பங்களுக்கு இவ்வகையில் உதவின.

எனினும் இப்பதிவுகள் சில சமூகங்களுக்கும் சில சமயத்தாருக்கும் மட்டுமே வாய்த்தவை. நிலமற்றோர், கைவினைஞர், இடம்பெயர்ந்தோர் ஆகிய பெரும்பான்மையினருக்குக் கோயிற்கணக்கும் இல்லை. குடும்ப ஓலையும் இல்லை.

உரைநடையில் தன் குடும்ப வரலாற்றை விரிவாக எழுதியோருள் உ.வே. சாமிநாதையர் முதன்மையானவர். 1940 முதல் 1942இல் அவர் மறையும் வரை ஆனந்த விகடனில் வெளிவந்த 'என் சரித்திரம்' தம் ஊரிலிருந்தும் முன்னோரிடமிருந்தும் தொடங்குகிறது. தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றையும் அவர் இரு பாகங்களாக எழுதினார். ஒருவரின் தோற்றம், பழக்கம், பேச்சு ஆகியவற்றைச் சொல்லால் காட்டும் முறையை இந்நூல்களில் காணலாம். படம் காட்டாத பலவற்றைச் சொல் காட்டும் என்பதற்கு இவை எடுத்துக்காட்டுகள்.

நிழற்படத்தின் வருகை

1839இல் பிரான்சில் தாகெர் கண்டுபிடித்த முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அக்கருவி கல்கத்தாவை அடைந்தது. பம்பாயில் 1854இலும் கல்கத்தாவிலும் சென்னையிலும் 1856இலும் நிழற்படக் கழகங்கள் தோன்றின. அலெக்சாண்டர் அண்டர் 1850இல் சென்னையில் நிறுவிய கலைப்பள்ளியில் பின்னர் நிழற்படக்கலையும் கற்பிக்கப்பட்டது. சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராக 1856இல் அமர்த்தப்பெற்ற லின்னேயசு டிரைப், 1858இல் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களின் கோயில்களையும் அரண்மனைகளையும் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டைத் தொடர்படமாக்கியது அவருடைய அரிய பணி.

இத்தொடக்கக்கால முயற்சிகளில் கட்டடங்களே மிகுதி, மனிதர் குறைவு. மனிதர் இடம்பெற்றபோதும் அவர்கள் தனியாட்களாக இடம்பெறவில்லை. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்னும் ஆங்கிலத் தொகுப்பிலும், எட்கர் தர்சுடன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலிலும் மனிதர் பெரும்பாலும் சாதியின் அல்லது தொழிலின் மாதிரிகளாகவே காட்டப்பட்டனர். படத்தின் கீழ் குலத்தின் பெயர் உண்டு. ஆளின் பெயர் இல்லை. அம்முகங்களும் ஒருவருடைய பாட்டனும் பாட்டியும் ஆவர் என்பதை நினைக்கும்போது பெயரற்ற படம் எவ்வளவு இழப்பை உள்ளடக்கியது என்பது விளங்கும்.

இதற்கு மாறாக, தாமே விரும்பிப் பணம் கொடுத்துப் படமெடுத்துக்கொள்ளும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. 1854இல் பாரிசில் திசுதெரி காப்புரிமை பெற்ற சிற்றட்டைப் படம் விலையைக் குறைத்தது. சென்னையில் வீலே–கிளைன் போன்ற ஐரோப்பிய நிறுவனங்களும், செகந்திராபாத்தில் லாலா தீன்தயாள் (1844–1905) போன்ற இந்தியக் கலைஞர்களும் புகழ்பெற்றனர். அந்நிய ஆடவர் முன் தோன்றாத குலப்பெண்களுக்கெனத் தீன்தயாள் 1892இல் ஐதராபாத்தில் தனிப் படக்கூடம் அமைத்தார். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழகத்தின் நகரங்களிலும் பெரிய ஊர்களிலும் 'ஸ்டுடியோ' என்னும் சொல் தமிழ்ச்சொல் போலவே வழங்கலாயிற்று.

படக்கூடத்தின் இலக்கணம்

படக்கூடத்தில் எடுக்கப்பட்ட குடும்பப் படங்களுக்குப் பொதுவானதோர் அமைப்பு உண்டு. முதியோர் நாற்காலிகளில் அமர்வர். ஆண்மக்கள் பின்னால் நிற்பர். சிறுவர் தரையில் விரித்த சமுக்காளத்தில் அமர்வர். பின்னணியில் தூணும் மாடியும் சோலையும் தீட்டிய திரை தொங்கும். பக்கத்தில் ஒரு முக்காலியும் அதன்மேல் பூச்சாடியோ புத்தகமோ இருக்கும். அமர்ந்தவர், நின்றவர், தரையிலிருப்பவர் என்ற இவ்வரிசை குடும்பத்தின் மூப்பு முறையைப் பெரும்பாலும் அப்படியே காட்டுகிறது.

ஆயினும் படத்தில் காண்பன அனைத்தையும் உண்மையெனக் கொள்ளல் ஆகாது. கோட்டு, கைக்கடிகாரம், குடை, புத்தகம் முதலியவற்றைப் படக்கூடங்களே வைத்திருந்து கொடுப்பதுண்டு. எனவே புத்தகம் ஏந்தியவர் கற்றவர் என்றோ, கோட்டணிந்தவர் அலுவலர் என்றோ முடிவுசெய்தல் பொருந்தாது. அவர் எவ்வாறு இருந்தார் என்பதைவிட எவ்வாறு நினைக்கப்பட விரும்பினார் என்பதையே அப்பொருள்கள் உணர்த்துகின்றன. அவ்விருப்பமும் வரலாறே.

வண்ணத்தைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். தொடக்கக்காலத் தட்டுகள் நீலத்தை மட்டுமே நன்கு உணர்ந்தன, சிவப்பை உணரவில்லை. அதனால் சிவந்த கூறைப்புடவை கறுப்பாகவும், நீலம் வெளிறியும், நெற்றிக் குங்குமம் கரும்பொட்டாகவும் பதிந்தன. எல்லா வண்ணங்களையும் உணரும் தட்டுகள் 1906 முதல் விற்பனைக்கு வந்தும் அவை பரவலாவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. பாட்டி கறுப்புப் புடவையில் மணக்கோலத்தில் இருந்தார் எனப் பேரப்பிள்ளைகள் வியப்பதற்குக் காரணம் வழக்கமன்று, வேதியியல்.

படம் இடவலம் மாறி அச்சாகியிருத்தலும் உண்டு. முந்தானை எத்தோளில் உள்ளது என்பதைக் கொண்டு இதனை அறிய முயல்வர். ஆனால் மடிசார் கட்டில் ஐயர் மரபினர் முந்தானையை வலத்தோளிலும் ஐயங்கார் மரபினர் இடத்தோளிலும் அமைப்பர். பூணூல் கிடக்கும் தோள், பின்னணியிலுள்ள எழுத்து ஆகியவற்றையும் சேர்த்து நோக்கியே முடிவுகாண வேண்டும்.

இறந்தோரின் படம்

படமெடுத்தால் ஆயுள் குறையும் என்னும் நம்பிக்கை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஊர்ப்புறங்களில் வலுவாக இருந்தது. அதனால் வாழ்நாள் முழுவதும் படக்கருவியின் முன் நில்லாத பலர் இறந்தபின் முதன்முறையாகப் படமெடுக்கப்பட்டனர். உடலை நாற்காலியில் அமர்த்தி மாலையணிவித்து, மக்கள் சூழ நிற்க எடுக்கப்பட்ட படங்கள் தமிழகத்தின் பல பகுதிகளில் உள்ளன. சில படங்களில் மூடிய கண்கள் திறந்தனபோல் தூரிகையால் திருத்தப்பட்டன. முன்னரே இறந்த மனைவியின் படத்தையும் வாழும் கணவனின் படத்தையும் இணைத்து இருவரும் ஒருங்கே அமர்ந்திருப்பதாகக் காட்டும் படங்களும் ஆக்கப்பட்டன.

இன்றைய நோக்கில் இவை விந்தையாகத் தோன்றலாம். ஆனால் இறந்தோரைக் கல்லில் நிறுத்திப் பெயரும் சிறப்பும் பொறித்து வழிபட்ட நடுகல் மரபையுடைய நாட்டில் இது புதியதன்று. தொல்காப்பியம் கல்நாட்டும் வினையை ஆறு நிலைகளாக வகுத்துரைக்கிறது. நடுகல்லில் வீரனின் முகம் தனித்தன்மையுடன் செதுக்கப்படுவதில்லை. பெயரே அவனை அடையாளப்படுத்துகிறது. நிழற்படத்தில் முகம் துல்லியமாக உள்ளது; பெயர்தான் விடுபட்டுப்போகிறது. கல் பெயரைக் காத்து முகத்தை இழந்தது. படம் முகத்தைக் காத்துப் பெயரை இழந்தது எனலாம்.

சட்டமிட்ட படத்துக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு மாலை சாத்துதல், சிறுவிளக்கு ஏற்றுதல் ஆகியன இவ்வழிபாட்டு மரபின் தொடர்ச்சியே. இறந்தோரின் படத்துக்கே மாலை உரியது என்பதால், மாலையின் தழும்பும் சந்தனக் கறையும் படிந்த சட்டம் ஆய்வாளருக்கு ஒரு குறிப்பாகவும் அமைகிறது.

அரசெடுத்த படமும் குடும்பத்தின் நினைவும்

குடும்பம் விரும்பி எடுத்த படங்கள் ஒருபுறமிருக்க, அதிகாரம் கட்டாயப்படுத்தி எடுத்த படங்களும் குடும்ப வரலாற்றுக்குச் சான்றாகியுள்ளன. இதற்கு மொரீசியசுத் தீவு சிறந்த எடுத்துக்காட்டு. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக அத்தீவுக்கு 4,50,000க்கும் மேற்பட்ட இந்தியர் சென்றனர். சென்னைத் துறைமுகம் வழிச் சென்ற தமிழர் அவர்களுள் கணிசமானோர். ஒப்பந்தம் முடிந்தோர் தம் நிழற்படம் ஒட்டிய அடையாளச் சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டுமென 1867ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. சீட்டின்றி நடமாடியோர் சிறைப்பட நேர்ந்தது. தொழிலாளரைக் கட்டுப்படுத்த எடுக்கப்பட்ட அப்படங்கள் மோக்கா ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று அங்குச் சென்று தம் முன்னோரின் முகத்தை முதன்முதலாகக் காண்கின்றனர். கண்காணிப்புக்காக எடுத்த படமே அக்குடும்பத்துக்கு முன்னோரின் ஒரே உருவமாக நிற்கிறது.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குச் சென்னையிலிருந்து சென்ற 'டுரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16ஆம் நாள் டர்பனை அடைந்தது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் அங்குச் சென்றனர். கப்பற் பதிவேடுகளில் ஒவ்வொருவரின் பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், ஊர், உடற்குறி ஆகியன எழுதப்பட்டன. எழுதியோர் செவியில் விழுந்தவாறு எழுதியமையால் தமிழ்ப்பெயர்கள் உருமாறின. கவுண்டர் என்பது கோவெண்டர் எனவும், முதலி என்பது மூட்லி எனவும் நிலைத்துக் குடும்பப்பெயர்களாயின. மொரீசியசில் கப்பலேறிய முதல்வரின் இயற்பெயரே வழிவழிக் குடும்பப்பெயராக உறைந்தது. வேலாயுதன் என்பது வலாய்தோன் ஆயிற்று, கணபதி கனபதியாயிற்று. தமிழகத்தில் தலைமுறைதோறும் மாறும் பெயர் அங்கு மாறாமல் நின்றது. அதனால் அங்குள்ள ஒருவர் ஐந்து தலைமுறைக்கு முற்பட்ட முன்னோரின் பெயரைத் தம் பெயராகவே அன்றாடம் கூறுகிறார். அதே முன்னோரின் உடன்பிறந்தார் வழியில் தமிழகத்தில் வாழ்வோர்க்கு அப்பெயர் தெரியாமற்போயிருக்கலாம்.

இந்நிலை பழங்காலத்துக்கு மட்டும் உரியதன்று. 1993இல் தேர்தல் ஆணையம் வாக்காளர்க்குப் படமுள்ள அடையாள அட்டை வழங்கத் தொடங்கியது. ஏழைக் குடும்பங்களில் முதியோர் பலருக்கு அதுவே வாழ்நாளின் முதற்படமாக இருந்தது. அவர்கள் இறந்தபின் அந்தச் சிறிய படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டு மாட்டியுள்ள வீடுகள் பல.

காலத்தைக் கணித்தல்

பழைய படங்களில் ஆண்டு எழுதப்படுவது அரிது. எனவே படத்தின் காலத்தைப் பிற குறிப்புகளால் கணிக்க வேண்டியுள்ளது. மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் மெல்லிய தாளில் அச்சிட்டுக் கெட்டி அட்டையில் ஒட்டிய படம் முட்டை வெண்கருப்பூச்சுத் தாளில் ஆனதாகலாம். அம்முறை 1850 முதல் 19ஆம் நூற்றாண்டின் இறுதி வரை மிகுதியாக வழங்கியது. அட்டையின் அடியில் படக்கூடத்தின் பெயரும் ஊரும் இருப்பின் அக்கூடம் இயங்கிய ஆண்டுகளைக் கொண்டு எல்லை வகுக்கலாம். சதுர வடிவச் சிறுபடங்கள் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் வீடுகளுக்கு வந்த பெட்டிப் படக்கருவிகளால் எடுக்கப்பட்டவை. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தி தொடங்கிய இந்துசுதான் போட்டோ பிலிம்சு ஆலையின் 'இந்து' படச்சுருள் அக்காலத்தில் பயன்பட்டது. அவ்வாலை இன்று இயங்கவில்லை.

தோற்றமும் துணைசெய்யும். குடுமியும் தலைப்பாகையும் கிராப்பாக மாறியமை, நீள வடித்த காதும் பாம்படமும் அடுத்த தலைமுறைப் பெண்களிடம் மறைந்தமை, ரவிக்கைக் கையின் அமைப்பு ஆகியன காலக் குறிகள். ஆனால் முதியோர் தம் இளமைக்கால வழக்கத்தையே இறுதிவரை பின்பற்றுவர். ஆதலின் படத்திலுள்ள இளையோரின் உடையைக் கொண்டே காலத்தைக் கணித்தல் தக்கது.

வாய்மொழி நினைவில் காலம் நிகழ்ச்சிகளால் அளக்கப்படுகிறது. 'எம்டன் குண்டு போட்ட வருசம்' என்பது 1914. 'விசக்காய்ச்சல் வருசம்' என்பது 1918. 'தனுசுக்கோடி அழிந்த புயல்' என்பது 1964. ஆண்டுப்பெயரைக் கொண்டு கணிக்கும்போது அறுபதாண்டுச் சுழற்சியை மறக்கலாகாது. 'தாது வருசம்' என ஒரு குறிப்பு இருப்பின் அது 1876, 1936, 1996 ஆகியவற்றுள் எதையும் குறிக்கலாம். பஞ்சத்தோடு சேர்த்துச் சொல்லப்பட்டால் 1876 எனத் துணியலாம். இவ்வாறு படம், வாய்மொழி, பத்திரம், சாதக ஏடு ஆகிய நான்கும் ஒன்றையொன்று திருத்தும்போதே நம்பத்தக்க முடிவு கிட்டும்.

பெயரற்ற முகங்கள்

குடும்பப் படங்களில் பெயர் இழந்தோருள் பெண்களே மிகுதி. கொடிவழி எழுதும்போது ஆண்மக்களின் பெயர்களே கிளைகளாக விரிகின்றன. மகள் மணமாகிச் சென்றதும் அவள் கிளை நின்றுவிடுகிறது. படத்தில் நாற்காலியின் பக்கத்தில் நிற்கும் பெண் 'பெரிய தாத்தாவின் மூத்த தாரம்' எனவோ, 'பிள்ளைப்பேற்றில் இறந்தவர்' எனவோ சுட்டப்படுகிறாள், பெயர் சொல்லப்படுவதில்லை. தாயின் தாயின் தாய் பெயரைக் கேட்டால் விடை கூறுவோர் சிலரே. வடதமிழகத்தில் சுமங்கலியாக இறந்த பெண்களைப் பூவாடைக்காரியாகப் புத்தாடை படைத்து வழிபடும் குடும்பங்களிலும் தெய்வமாகிய அப்பெண்ணின் இயற்பெயர் மறைந்திருப்பதுண்டு. வழிபாடு நினைவைக் காக்கும்; ஆனால் ஆளைக் காப்பதில்லை.

படங்கள் அழிவதற்குப் பல வழிகள் உள்ளன. கூட்டுக்குடும்பம் பிரிந்து வீடு விற்கப்படும்போது பாத்திரங்களுக்குப் பங்கு உண்டு. படங்களுக்குப் பங்கு கேட்பாரில்லை. ஈரமும் பூஞ்சையும் வெள்ளிமீன் பூச்சியும் எஞ்சியவற்றை அரிக்கின்றன. படக்கூடங்கள் மூடப்பட்டபோது கண்ணாடித் தட்டுகளும் படச்சுருள்களும் பழைய பொருளாக விற்கப்பட்டன. இந்நிலையில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு, ஏறத்தாழ 1880 முதல் 1980 வரையிலான தமிழ்ப் படக்கூட நிழற்படங்களைத் தேடி மின்படியாக்கியமை பாராட்டுக்குரியது. 2010இல் அனுசா யாதவ் தொடங்கிய இந்திய நினைவுத் திட்டமும் குடும்பப் படங்களை அவற்றின் கதைகளோடு தொகுத்து வருகிறது.

நிறுவனங்கள் படங்களைக் காக்கலாம். முகங்களுக்குப் பெயரிட அவற்றால் இயலாது. அது குடும்பத்தாரால் மட்டுமே ஆவது. படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர், உறவு, ஊர், தோராயமான ஆண்டு ஆகியவற்றை எழுதுதல் வேண்டும். பேனா மை மறுபுறம் ஊறும். ஒட்டுத்தாளும் பசையும் படத்தைக் கெடுக்கும். 'என் பாட்டி' என எழுதுவதைவிடப் பெயரையும், யாருக்கு மகள், யாருக்கு மனைவி, யாருக்குத் தாய் என்பதையும் எழுதுதலே நெடுங்காலம் பயன்தரும். எழுதியவர் யாரெனத் தெரியாத காலத்தில் 'என்' என்பதற்குப் பொருளில்லை. முதியோரிடம் படத்தைக் கொடுத்துப் பேசச் செய்து அப்பேச்சை ஒலிப்பதிவு செய்தல் இன்னும் சிறந்தது. பெயர் கேட்டால் தயங்குவோரும் படத்தைக் கையில் பிடித்ததும் வரிசையாகச் சொல்லத் தொடங்குவதைக் களப்பணியாளர் நன்கறிவர். அவர்கள் வாயில் வரும் உறவுச்சொல்லையும் ஊர்வழக்கையும் மாற்றாமல் பதிந்தால் அது மொழியாய்வுக்கும் பயன்படும்.

முடிவுரை

தமிழர் குடும்பங்களில் முன்னோர் நினைவு பெயரிடுதல், நீத்தார் கடன், கோயிற்பதிவு, வாய்மொழி ஆகியவற்றால் காக்கப்பட்டது. அது பெரும்பாலும் மூன்று தலைமுறையோடு நின்றது. பெண்களையும் எளியோரையும் போதிய அளவில் உள்ளடக்கவில்லை. நிழற்படம் இவ்வெல்லையை விரிக்கும் வாய்ப்பைத் தந்தது. ஆனால் படம் தானே பேசுவதில்லை. அதன் வேதியியலையும் படக்கூட வழக்கத்தையும் எடுத்தவரின் நோக்கத்தையும் அறிந்து பிற சான்றுகளோடு ஒப்பிட்டால்தான் அது வரலாற்றுச் சான்றாகும்.

கறுப்பு வெள்ளைப் படங்களில் சிறுவராகத் தரையில் அமர்ந்திருந்தோர் இன்று முதியோராக உள்ளனர். நாற்காலிகளில் அமர்ந்திருந்தோரை நேரில் கண்டு, அவர்தம் குரலையும் பெயரையும் அறிந்தவர் அவர்களே. அவர்களுக்குப் பின் அப்படங்கள் எவ்வளவு தெளிவாக எஞ்சினும் அவற்றிலுள்ளோர், தர்சுடன் நூலின் படங்களிலுள்ளோரைப்போலப் பெயரற்ற மாதிரிகளாகிவிடுவர். அந்நிலை நேராவண்ணம் தடுக்கும் காலம் இன்னும் கடந்துவிடவில்லை. அதற்கு வேண்டுவன ஒரு பென்சிலும், பெரியவர் ஒருவரின் அருகில் அமர்ந்து கேட்கும் பொறுமையுமே.